கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க, பிளஸ் ஒன்னிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, தென்காசிப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ் வழியில் பிளஸ் ஒன் சேரப் போகும் மாணவி நீங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. எந்த குரூப் எடுப்பது, இப்போதே கோடிங் வகுப்பில் சேர வேண்டுமா, அப்பா கடன் வாங்கியாவது ஜே.ஈ.ஈ. பயிற்சிக்கு அனுப்பலாம் என்கிறாரே அது சரியா, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதது பெரிய குறையா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அடியில் இருப்பவை இரண்டு கேள்விகள்தான். சீட் எப்படிக் கிடைக்கும் என்பது முதலாவது. கிடைத்த பிறகு அந்தப் படிப்பில் திணறாமல் இருக்க முடியுமா என்பது இரண்டாவது. இதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் ‘நான் கம்ப்யூட்டரையே அதிகம் தொட்டதில்லை’ என்று எழுதியிருக்கும் வரியில் அந்தப் பயம் தெரிகிறது. இந்த இரண்டுக்குமான தயாரிப்பு வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் பணமும் இரண்டு வருடமும் தவறான இடத்தில் போய்விடுகின்றன.

நான் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு நிரலாக்கமும் டேட்டா ஸ்ட்ரக்சரும் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். கவுன்சலிங் காலத்தில் உதவி மையத்தில் உட்கார்ந்து மாணவர்களின் விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் சேர்க்கை முறை பற்றியும் முதலாண்டு பற்றியும் தைரியமாகப் பேச முடியும். பள்ளியில் பாடம் நடத்தியதில்லை. ஜே.ஈ.ஈ. பயிற்சி மையங்களை உள்ளிருந்து பார்த்ததும் இல்லை. அந்த விஷயங்களில் நான் சொல்வதை ஒரு கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியான செய்தி. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது; 2007இலிருந்து பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான். கட்ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100 அப்படியே சேரும், இயற்பியல் பாதியாகி 50, வேதியியல் பாதியாகி 50. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்ஆஃப்பில் ஒன்று போகும். இயற்பியலிலோ வேதியியலிலோ போனால் அரை போகும். தமிழ், ஆங்கிலம், நான்காவது பாடம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. பத்தாம் வகுப்பில் நீங்கள் வாங்கிய மதிப்பெண்ணோ, கோடிங் சான்றிதழோ, ஒலிம்பியாட் பதக்கமோ கட்ஆஃப்பைக் கால் மதிப்பெண்கூட உயர்த்தாது. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பொதுப் பிரிவில் கடந்த சில வருடங்களாக 200ஐ ஒட்டிய கட்ஆஃப் தேவைப்படுகிறது. மற்ற சமூகப் பிரிவுகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்குக் கடைசி சீட் எந்தக் கட்ஆஃப்பில் போனது என்ற பழைய பட்டியல்கள் கவுன்சலிங் இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் சமூகப் பிரிவுக்கு மூன்று வருடப் பட்டியலை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கிண்டி வளாகம்தான் பட்டியலில் கல்லூரி எண் 1, தேடவே வேண்டாம்.

இந்த உயரத்தில் நிற்பவர்களுக்கு இடையே வித்தியாசம் அரை மதிப்பெண்தான். ஒரே கட்ஆஃப்பில் பலர் நின்றால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதுவும் சமமாக இருந்தால் இயற்பியலை. அதிலும் தீராவிட்டால் வேறு சில படிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ரேண்டம் எண். அதனால் கணிதத்தில் சென்டம் என்பது வெறும் பெருமை இல்லை, வரிசையில் உங்கள் இடத்தையே அது மாற்றும். பிளஸ் டூ கணித வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, ஏழு ஐந்து மதிப்பெண் கேள்விகள் 35. மீதி இரண்டு, மூன்று மதிப்பெண் கேள்விகள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பெரிய கணக்கில் மதிப்பெண்ணை இழப்பது குறைவு. ஒன் மார்க்கில் விடையைச் சரியாகத் தெரிந்துகொண்டு தவறாகக் குறிப்பது, ஐந்து மதிப்பெண் கணக்கின் நடுவே குறியை மாற்றிப் போடுவது, இப்படித்தான் போகிறது. இயற்பியலிலும் வேதியியலிலும் செய்முறைத் தேர்வுக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று முப்பது மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு வெளியே இருக்கிறது. அதை முழுசாக வாங்கும் வாய்ப்பு உங்கள் கையில்தான், ரெக்கார்டு நோட்டை அலட்சியப்படுத்தாதீர்கள்.

உங்கள் சூழ்நிலைக்குப் பொருந்தும் இன்னொரு உறுதியான விஷயம். 69 சதவீத இட ஒதுக்கீடு எல்லா அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் உண்டு. அதற்குள் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2021இலிருந்து 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. நீங்கள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. பெயரில் அரசு என்று வந்தாலும் அது இந்த ஒதுக்கீட்டில் வராது. இப்போது அரசுப் பள்ளிக்கு மாறினாலும் ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கிடுவார்கள் என்பதால் பயன் இல்லை. யாராவது ‘மாறிவிடு, சீட் நிச்சயம்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங்கில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, அது பள்ளி வகையைப் பார்க்காது. அப்புறம், புதுமைப்பெண் திட்டத்தை 2024 கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரித்திருக்கிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாய். விடுதிச் செலவை எண்ணிக் கவலைப்படும் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, எந்த குரூப்? சேர்க்கைக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருந்தால் போதும். நான்காவது பாடம் உயிரியலா கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது கிண்டிக்குப் பொருட்டே இல்லை. முதலாண்டில் என்னிடம் வரும் மாணவர்களில் பயோ மேத்ஸ் எடுத்தவர்களும் நிறைய. முதல் மாதம் அவர்கள் கொஞ்சம் பின்தங்குவார்கள், அந்தப் பருவம் முடிவதற்குள் வித்தியாசம் மறைந்துவிடும். மருத்துவம் பற்றி மனதில் ஒரு ஓரத்தில்கூட யோசனை இருந்தால் உயிரியல் எடுங்கள், அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாம் என்பது என் எண்ணம். பிளஸ் ஒன்னில் சி++ என்ற நிரல் மொழி, பிளஸ் டூவில் பைத்தான் நிரல் மொழியும் எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியும் பாடத்திலேயே இருக்கின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத உங்களுக்குப் பள்ளி ஆய்வகத்தில் உட்கார ஒரு காரணம் கிடைக்கும், அதுதான் பெரிய லாபம். ஒன்றே ஒன்று, சேருவதற்கு முன் பள்ளியில் அந்தப் பாடத்துக்கு நிரந்தரமாக ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகத்தில் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றனவா என்று பிளஸ் டூ அக்காக்களிடம் விசாரியுங்கள். இரண்டும் இல்லை என்றால் நல்ல ஆசிரியர் இருக்கும் குரூப்பே மேல்.

இனி இரண்டாவது கேள்வி. நான் உண்மையில் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். கட்ஆஃப்பில் பிளஸ் ஒன் மதிப்பெண் சேராது. அதனால் பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு முதல் வருடமே பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். மாணவர்களின் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வருமோ என்று எனக்குப் பயம் இருக்கிறது. ஏனென்றால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மிக நெருக்கமான கணிதம் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கிறது. சேர்ப்பியல், கணிதத் தொகுத்தறிதல், நிகழ்தகவு, கணங்களும் சார்புகளும். கட்ஆஃப்புக்குத் தேவையில்லை என்று தாண்டப்படும் இந்த நான்கையும் நாங்கள் கல்லூரியில் முதல் நாளிலிருந்தே தெரிந்ததாக வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பத்துப் படிகள் இருக்கின்றன. ஒரு தடவைக்கு ஒரு படி ஏறலாம், அல்லது இரண்டு படி தாவலாம். உச்சிக்குப் போக எத்தனை வழிகள்? எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்தால் சலித்துவிடும். ஆனால் பத்தாவது படிக்கு நீங்கள் ஒன்பதாவதிலிருந்து வந்திருக்க வேண்டும், இல்லை எட்டாவதிலிருந்து. வேறு வழியே கிடையாது. அப்படியானால் பத்துக்கான விடை, ஒன்பதுக்கான விடையும் எட்டுக்கான விடையும் சேர்ந்தது. ஒரு படிக்கு 1, இரண்டு படிக்கு 2, மூன்றுக்கு 3, நான்குக்கு 5 என்று போனால் பத்துக்கு 89. இதைப் புரிந்துகொண்டவருக்குத் தற்சுழற்சி என்று பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் வருவது புதிதாகவே இருக்காது. பெரிய கேள்வியை அதே வகையான சிறிய கேள்வியாக்குவது, சிறியதன் விடை சரி என்றால் பெரியதும் சரி என்று காட்டுவது. இந்த இரண்டாவது பாதிதான் கணிதத் தொகுத்தறிதல். நிரல் சில எண்களுக்குச் சரியாக ஓடியது என்பதும், எல்லா எண்ணுக்கும் சரியாக ஓடும் என்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை உணர்ந்த பிள்ளை என் வகுப்பில் தனியாகத் தெரிவாள். பிளஸ் டூ கணிதத்தின் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதத்தில் தர்க்கமும் மெய் அட்டவணையும் வரும். எளிதான மதிப்பெண் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள். நிரலில் நிபந்தனை எழுதும்போது அந்த அட்டவணையைத்தான் நாள் முழுக்கப் பயன்படுத்தப் போகிறீர்கள். நிதானமாகப் படியுங்கள்.

வகுப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. மிக உயர்ந்த கட்ஆஃப்புடன் வந்த சிலர், ஒரு எண் வரிசையில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பேனாவை வைத்துவிட்டு ‘இந்த மாடல் நடத்தவே இல்லையே சார்’ என்பார்கள். அவர்களுடைய அறிவில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாகப் பார்த்த கணக்கை மட்டுமே திரும்பச் செய்யப் பழக்கியிருக்கிறோம், பார்க்காத கணக்கின் முன் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கப் பழக்கவில்லை. சென்டம் வாங்க மாடல் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் ஆக வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. அதோடு வாரத்தில் ஒரு மணி நேரம், விடைப் பக்கம் திறக்காமல், தெரியாத ஒரு கணக்கோடு உட்காருங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை. எங்கே நின்றுபோனது என்று இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பவும் பாருங்கள். இதற்கு நல்ல கணக்குகள் வேண்டும் என்றால் பள்ளி மாணவர்களுக்கான கணினியியல் போட்டியான ஜோனல் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட்டின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தத் தாள்கள் பேனாவும் காகிதமும் வைத்துச் செய்ய வேண்டியவை, நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. கேள்விகள் கடினம்தான், ஒரு தாளில் ஒன்று புரிந்தாலே சந்தோஷப்படலாம்.

கோடிங் வகுப்பு வேண்டுமா? சீட்டுக்காக என்றால் வேண்டாம். அதற்குப் பயனே இல்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். படிப்புக்காக என்றாலும் பணம் கட்டிச் சேர வேண்டிய அவசியம் இல்லை. இணைப்புக் கல்லூரிகளில் முதலாண்டில் நிரலாக்கத்தை அடிப்படையிலிருந்தே நடத்துகிறோம், ஒன்றுமே தெரியாதவர் வருவார் என்று எண்ணித்தான் அந்தப் பாடமே அமைந்திருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் எழுதிப் பழகி வந்தால் நல்லது. காரணம், இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கிறதா என்று நான்கு வருடம் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். பிழை வந்தால் எரிச்சல் வருகிறதா, ஏன் வந்தது என்று தோண்டிப் பார்க்கத் தோன்றுகிறதா? பெரும்பாலான நாள் அந்தத் தோண்டுதல்தான் இந்தத் தொழில். அது பிடிக்கவில்லை என்றால் வேறு நல்ல படிப்புகள் எத்தனையோ உண்டு. பிளஸ் ஒன் கோடை விடுமுறையே இதற்குப் போதும். பிளஸ் டூ தொடங்கிய பிறகு மூடி வைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாதது குறைதான், ஆனால் தடையில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் பைத்தான் ஓட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. சின்னத் திரையில் தட்டச்சு செய்வது கையை நோகடிக்கும், ஐம்பது வரிக்குள் அடங்கும் நிரல்களுக்கு அது போதும். முதலில் நோட்டில் எழுதி, கையாலேயே ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்த்து, பிறகு கைபேசியில் தட்டுங்கள். பள்ளி ஆய்வகத்தில் கிடைக்கும் நேரத்தில் தட்டச்சும் கோப்புகளைக் கையாள்வதும் பழகுங்கள். என்ன நிரல் எழுதுவது என்று கேட்பீர்கள். வீட்டு மின்கட்டண ரசீதை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. யூனிட்டைக் கொடுத்தால் தொகையைச் சொல்லும் நிரல் எழுதுங்கள். 100, 101 என்று எல்லை எண்களைக் கொடுத்துச் சோதியுங்கள், தவறு எப்போதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்து, கட்டண அடுக்குகள் நாளைக்கு மாறினால் நிரலை உடைக்காமல் எண்களை மட்டும் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

அது முடிந்ததும் கவுன்சலிங் தரவரிசைப் பட்டியலையே நிரலாக எழுதலாம். பத்துப் பேரின் மூன்று பாட மதிப்பெண்களைக் கொடுத்தால் கட்ஆஃப் கணக்கிட்டு வரிசைப்படுத்த வேண்டும். ஒருத்திக்குக் கணிதம் 100, இயற்பியல் 98, வேதியியல் 99. இன்னொருத்திக்கு 99, 100, 99. இரண்டும் 198.5. யார் முன்னால் வர வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும், அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுங்கள். வரிசைப்படுத்துவதற்குப் பைத்தானில் தயாராக இருக்கும் கட்டளையை முதல் தடவை பயன்படுத்தாமல் நீங்களே எழுதிப் பாருங்கள். இந்த இரண்டையும் யாருடைய விடையையும் பார்க்காமல் முடித்துவிட்டு வரும் மாணவி, பல மாதக் கோடிங் வகுப்புச் சான்றிதழோடு வருபவரை விடப் பின்தங்கி இருக்க மாட்டாள். என் வகுப்பில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் இரண்டு நொடியில் முழு நிரலும் வந்துவிடும். கற்கும் காலத்தில் அதை விடை வாங்கப் பயன்படுத்த வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதி முடித்த பிறகு, ‘இதில் எந்த உள்ளீட்டுக்குத் தவறு வரும்’ என்று கேட்கலாம்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரிக்குப் போவது பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் முதல் பருவத்தில் உண்மையில் பலரை அடிப்பது அதுதான். கணிதம் தெரியும், பைத்தானும் புரியும். வினாத்தாளில் கேள்வி என்ன கேட்கிறது என்று பிடிபடுவதற்குள் நேரம் போய்விடும். இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அவ்வளவாக உதவாது. தமிழ்நாடு அரசு பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன, இரண்டும் பாடத்துக்குப் பாடம் பொருந்தும். தமிழில் நன்றாகப் படித்து முடித்த பாடத்தை வாரக் கடைசியில் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு தடவை வாசியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது. அணிக்கோவை என்பது டிட்டெர்மினன்ட், நேர்மாறு என்பது இன்வெர்ஸ் என்று தானாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் இப்படிச் செய்தவர்களுக்குக் கல்லூரிப் பாடநூல் மிரட்டலாக இருக்காது. பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகு கிடைக்கும் நீண்ட விடுமுறையில், சென்னை மேத்தமெட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் பைத்தானில் நடத்தியிருக்கும் என்.பி.டி.இ.எல். என்ற இலவச இணையவழித் தளத்தின் பாடத்தை ஆங்கில வசன வரிகளோடு பாருங்கள். நிரலாக்கமும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும்.

அப்பா சொல்லும் ஜே.ஈ.ஈ. பயிற்சி. இங்கே உறுதியானதையும் என் கருத்தையும் பிரித்துச் சொல்கிறேன். ஜே.ஈ.ஈ. மெயின் தேர்வை 2021இலிருந்து தமிழிலும் எழுதலாம். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. ஐ.ஐ.டி.க்கான ஜே.ஈ.ஈ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். இந்த நிறுவனங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வேண்டிய ரேங்க் மிக மேலே இருக்கிறது. இவை உறுதி. இனி என் கருத்து: உங்கள் ஆசை கிண்டி என்றால் அதற்கு ஜே.ஈ.ஈ. தேவையே இல்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். இரண்டு தேர்வுகளும் வேறு வேறு வகையான எழுத்துப் பழக்கத்தைக் கேட்கின்றன. ஒன்று படிப்படியாக எழுதி முழு மதிப்பெண் வாங்குவது, மற்றது வேகமாக விடையைப் பிடிப்பது, தவறினால் மதிப்பெண் குறைவது. இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்து, மார்ச் பொதுத் தேர்வில் கணிதத்தில் மூன்று நான்கு மதிப்பெண் விட்டு, கிண்டியும் போய் என்.ஐ.டி.யும் கிடைக்காமல் நின்றவர்களை உதவி மையத்தில் சந்தித்திருக்கிறேன். மாறாக, கடினமான கணக்கு என்றால் சாப்பாட்டையே மறந்துவிடும் பிள்ளையாக நீங்கள் இருந்தால் அந்தப் பாடத்திட்டம் உங்களுக்கு நிஜமாகவே மகிழ்ச்சி தரும், அப்போது யோசிக்கலாம். நடுவழி ஒன்று உண்டு. பள்ளிப் பாடத்தையே ஆழமாகப் படித்து, பழைய வினாத்தாள்கள் சிலவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு ஜனவரித் தேர்வை ஒரு தடவை எழுதலாம். விண்ணப்பக் கட்டணம் தவிர வேறு செலவில்லை.

கிண்டி கிடைக்காவிட்டால்? இதையும் இப்போதே யோசித்து வைப்பது நல்லது, கவுன்சலிங் வாரத்தில் பதற்றத்தில் யோசித்தால் தவறு நடக்கும். ஐ.டி. பிரிவுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் பாடத்தில் வித்தியாசம் மிகக் குறைவு, தயங்காமல் எடுக்கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் நேரடித் துறைதான். உங்களுக்குப் பக்கத்தில் மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி, திருநெல்வேலியில் அரசு பொறியியல் கல்லூரி. கோவையில் பி.எஸ்.ஜி., ஜி.சி.டி., சி.ஐ.டி. இருக்கின்றன. கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை தெரிவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆசைப்படும் வரிசையில் கொடுங்கள், கிடைக்கும் என்று நினைக்கும் வரிசையில் கொடுக்காதீர்கள். மேலே இருக்கும் ஆசையால் கீழே இருக்கும் வாய்ப்பு பாதிக்காது. செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்ற பெயர்களில் வரும் புதிய பிரிவுகள் பற்றிக் கேட்பீர்கள். முதல் நான்கு பருவங்களின் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பெயரை விட, அந்தக் கல்லூரியில் அதை நடத்த ஆள் இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

நல்ல கல்லூரியில் ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) எடுப்பதா, சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பதா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. நான் பொதுவாக நல்ல கல்லூரியின் பக்கம் சாய்வேன். கூடப் படிக்கும் பிள்ளைகள் உங்களை மேலே இழுப்பார்கள். எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் எந்தப் பொறியியல் பிரிவினரும் எழுதலாம். ஆனால் மின்சுற்றுகள் மேல் கொஞ்சமும் ஆர்வம் இல்லாதவருக்கு ஈ.சி.ஈ. நான்கு வருடமும் பாரம்தான், அவர்களிடம் நான் எதிர்ப்பக்கம் சொல்லியிருக்கிறேன். பொறியியலுக்கு வெளியேயும் வழி இருக்கிறது. பி.எஸ்சி. அல்லது பி.சி.ஏ. முடித்து எம்.சி.ஏ. படித்தவர்கள் எங்கள் பட்டதாரிகளோடு ஒரே மேசையில் வேலை செய்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜே.ஈ.ஈ. தேவையில்லை. அவர்களே சில வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள், வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் துறையில் நீங்கள் வெளியே வரும்போது வேலை இருக்குமா, செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமா என்று உங்கள் மாமா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பட்டம் வாங்க இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. அவ்வளவு தூரம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஐ.டி. நிறுவனங்கள் ஆளெடுப்பதில் ஏற்ற இறக்கம் முன்பும் இருந்தது. எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: சொன்னதை அப்படியே நிரலாக்கும் வேலையின் மதிப்பு இப்போதே குறைந்து வருகிறது. ஒரு பிரச்சினையைப் புரிந்துகொண்டு, எழுதப்பட்டது சரியா என்று நிரூபித்துக் காட்டும் ஆளுக்குத் தேவை இருக்கும் என்று நம்புகிறேன். மேலே சேர்ப்பியலையும் தொகுத்தறிதலையும் பற்றி அவ்வளவு நேரம் பேசியதற்கு அதுவும் ஒரு காரணம். மாமாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் பயத்தால் மட்டும் பிடித்த படிப்பை விட வேண்டாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பள்ளியில் குரூப் பற்றி விசாரியுங்கள். பிளஸ் ஒன் கணிதப் புத்தகம் இரண்டு மொழியிலும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிரிவின் பழைய கட்ஆஃப் பட்டியலை எழுதி வையுங்கள். சாதிச் சான்றிதழ் கையில் இல்லை என்றால் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழையும் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே வாரத்தில் விண்ணப்பிப்பார்கள், கையொப்பத்துக்குக் காத்திருந்து கடைசி நாளில் ஓடி வரும் குடும்பங்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். உங்கள் சமூகப் பிரிவையும், அண்ணனோ அக்காவோ பட்டதாரியா என்பதையும் சொன்னால், எந்தக் கட்ஆஃப்புக்கு எந்தக் கல்லூரிகள் சாத்தியம் என்று பழைய பட்டியலைப் பார்த்து இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.